கறுப்புக் கரையில் ஒரு வரவேற்பு

கறுப்புக் கரை போட்ட காகிதத்தை யாரும் நின்று வாசிப்பதில்லை. படிக்காதவர்களைச் சொல்லவில்லை, நன்றாகப் படித்தவர்களே வாசிப்பதில்லை. கரையைப் பார்ப்பார்கள், நடுவில் இருக்கும் படத்தைப் பார்ப்பார்கள், "ஐயோ, இவரா" என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையைத் தேடப் போய்விடுவார்கள். இது ஹட்டனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு மட்டும் தெரியாமல் போனது. அந்த லட்சணத்தில் நான்தான் பட்டணத்து அலங்காரக் கலைஞர் சங்கத்தின் செயலாளர்.

ஐம்பதுகளின் நடுவில் எல்லாருக்கும் ஒரு சங்கம் இருந்தது. எங்களுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று தொடங்கினோம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த நான், தையல்கடை ராமையா அண்ணன், கேக்கில் பூப்போடும் பேக்கரி குணபால, படம் பிடிக்கும் ஸ்டூடியோக்காரர், இவ்வளவுதான் கூட்டம். மாதம் ஒருமுறை கூடுவோம். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைப்பது என் வேலை. "கடைப் பலகை எழுத்துப் பற்றி உரை." "சோடனைக்குக் காகிதப் பூ மடிக்கும் பயிற்சி." "சட்டைக் காலரின் புதிய போக்குகள்." (கடைசித் தலைப்பு நான் வைத்தது. ராமையா அண்ணனுக்கே அது என்னவென்று புரியவில்லை.) பலகை அழகாக இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுவார்கள். கூட்டத்துக்கு அதே நாலு பேர்தான் வருவோம். அதிலும் குணபால, ரொட்டி வேகும் வெதுப்பி சூடாக இருந்தால் வரமாட்டான்.

எனக்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை. கலை என்றால் நாலு பேர்தான் வருவார்கள் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கவலை வந்தது திரேசாவைப் பார்த்த பிறகு.

திரேசாவின் அப்பா சவரிமுத்து மாஸ்டர். றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வீடு. தோட்டத்துக் கூத்துகளுக்கும் நாடகங்களுக்கும் திரைச்சீலையில் காடு, அரண்மனை, ஆறு என்று சீன் வரைகிறவர். மாதா திருவிழாவுக்குச் சொரூபம் வைக்கிற கூடு சோடிப்பதும் அவர், மாரியம்மன் திருவிழாவுக்குச் சப்பரம் சோடிப்பதும் அவர். டிக்கோயா கோயில் சோடனையில் நான் அவருக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தேன். திரேசா காகிதப் பூவை மடித்து மடித்து என் பக்கம் தள்ளினாள். நான் அதை ஏணியில் நின்றவரிடம் நீட்டினேன். எங்கள் காதல் முழுக்க முழுக்கக் காகிதத்தில்தான் வளர்ந்தது.

ஆள் விட்டுப் பெண் கேட்டோம். மாஸ்டர் சொல்லியனுப்பிய பதில் இது. "படம் வரையிறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். அவன் வீட்டு அடுப்பு எப்பிடி எரியும்னு எனக்குத் தெரியும். நானும் அந்த வேலதான் செய்யிறேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். தொழில்காரரே சொன்னால் என்ன செய்வது? நேரே றொசல்லவுக்குப் போனேன். அடுத்த மாதக் கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், ஊரே திரண்டு வரும், கலைஞனுக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று நீங்களே வந்து பாருங்கள் என்றேன். (ஊரே என்று சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது.)

மாஸ்டர் சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, அந்த வாரம் நான் பட்டிப்பொலவுல ஒரு சீன் வேலைக்குப் போறேன். சனிக்கெழம அங்கருந்தே கோச்சியில ஹட்டனுக்கு வந்து எறங்குறேன். எத்தன பேரு வர்றாங்கன்னு பாக்குறேன். நெறஞ்ச கூட்டமா இருந்தா பொண்ணப் பத்திப் பேசுவோம். நாலு பேருன்னா அந்தப் பேச்ச அதோட விட்டுரணும்."

நாலு பேர் என்று அவர் எப்படிச் சரியாகச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

கூட்டம் சேர்க்க வேண்டும். பலகை போதாது, நோட்டீஸ் அடிக்க வேண்டும். அதுவும் சாதாரண நோட்டீஸ் இல்லை, கண்டவன் கால் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் குணபாலவின் பேக்கரியில் எனக்கு ஞானம் பிறந்தது. துரைமார் பங்களாக்களில் கழித்த ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி அதில்தான் அவன் பாண் ரொட்டியைச் சுற்றிக் கொடுப்பான். அன்று என் பாணைச் சுற்றியிருந்த பக்கத்தைப் பார்த்தேன். பக்கம் நிறைய வெள்ளை. நடுவில் ஒரு பெரியவரின் படம். கீழே கொஞ்சம் எழுத்து. சுற்றிவர அழுத்தமான கறுப்புக் கரை. அடடா, இதுவல்லவா நவீனம் என்று பாணைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். (அது சீமையில் செத்துப்போன யாரோ ஒரு பிரபுவுக்கான அஞ்சலிப் பக்கம் என்று பின்னாளில் ஒருவர் வாசித்துச் சொன்னார். அன்றைக்கு என் ஆங்கிலம் விம் தூள், சோப்புப் பெட்டி அளவில்தான் இருந்தது.)

கறுப்புக் கரைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் வீட்டுச் சாவுக்கே அடித்திருக்கிறோம். ஆனால் அது துக்கக் கரை, இது நவீனக் கரை. இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

ஸ்டூடியோவின் கண்ணாடி அலுமாரியில் மாஸ்டரின் படம் ஒன்று மாதிரிக்கு இருந்தது. அதைக் கண்டிக்கு அனுப்பி அச்சுக்குப் பிளாக் செய்து வாங்கினேன். எழுத்தைக் குறைத்தேன், குறைப்பதுதான் நவீனம் என்று முடிவு செய்திருந்தேன். "திரு. சவரிமுத்து மாஸ்டர் அவர்கள்" என்று படத்தின் கீழே. "சனிக்கிழமை பிற்பகல் பட்டிப்பொலவிலிருந்து ரயிலில் ஹட்டன் வந்து சேர்வார். அனைவரும் வருக." அவ்வளவுதான். சங்கத்தின் பெயரையும் பொன்னாடையையும் அடியில் எறும்பு எழுத்தில் போட்டேன், தற்பெருமை வேண்டாம் என்று.

அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி படத்தைப் பார்த்தார், நான் வரைந்திருந்த கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "இது ஒடனே அடிக்கணும்" என்று ஆளைக் கூப்பிட்டார். என்னுடைய எந்த வேலையையும் அந்த மனிதர் அதுவரை சொன்ன நாளில் தந்ததில்லை. அன்று மாலையே கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கலைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறவரையா இத்தனை நாள் திட்டினோம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கண் கலங்கியதைப் பார்த்து அவருக்கும் கலங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் ஹட்டனிலும் டிக்கோயாவிலும் சுவர் சுவராக ஒட்டினேன். ஒரு கட்டைப் பஸ் கண்டக்டர்களிடமும், ஒரு கட்டை றொசல்லப் பக்கம் போகிற ஒரு கணக்கப்பிள்ளையிடமும் கொடுத்தேன். பலன் உடனே தெரிந்தது. நோட்டீஸைப் பார்த்தவர்கள் நின்றார்கள், தலையை ஆட்டினார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். வடிவமைப்புக்குத் தொப்பியைக் கழற்றுகிற ஊர் இது என்று எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ராமையா அண்ணன் கடையிலிருந்து இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். "மனசத் தேத்திக்கப்பா. பொன்னாட போத்துற நேரத்துல இப்பிடி ஆயிருச்சே."

"எப்பிடி ஆயிருச்சு? எல்லாம் நல்லாத்தான் நடக்குது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அழுதுரு தம்பி. அடக்கி வைக்காத."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் வருமா வராதா என்ற பயத்தில் நான் தூங்காதது முகத்தில் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து நடையைக் கட்டினேன். சாயங்காலம் பேக்கரிக்குப் போனால் குணபாலவும் அப்படித்தான். "அனே, மிச்சம் நல்ல மனுசன்" என்றான் தன் சிங்களத் தமிழில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. வரவேற்புக்குச் சொல்லியிருந்த கேக் தயாரா என்று கேட்டேன். விக்கித்துப் போனான்.

"கேக் வேணுமா? நெசமா வேணுமா?"

"என்ன கேள்வி இது? பூவெல்லாம் போட்டு நல்லா அமர்க்களமாச் செய்யுங்க."

தமிழர்கள் இதற்குக் கேக் வெட்டுவார்கள் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அடுத்தவர் வழக்கத்தில் நாம் என்ன தலையிடுவது என்று அவன் மேலே எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

சனிக்கிழமை மத்தியானம் வெளியே வந்தால் ஸ்டேஷனிலிருந்து கூட்டத்துக்குப் பிடித்திருந்த மண்டபம் வரைக்கும் பாதையோரம் முழுக்க வெள்ளைக் கொடி. மண்டபக் காவல்காரர் தானாகவே கட்டியிருக்கிறார். சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதக் கொடிதான் கேட்டிருந்தேன், ஆனால் பனியில் வரிசையாக அசைந்த அந்த வெள்ளையைப் பார்த்ததும் சொக்கிப்போனேன். நோட்டீஸின் போக்கை அப்படியே பிடித்துவிட்டாரே மனிதர். அவரைச் சங்கத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. தோட்டம் தோட்டமாக வந்திருந்தார்கள். மாதா கோயில் ஆட்கள், மாரியம்மன் கோயில் ஆட்கள், கூத்தில் ராசா வேஷம் போடுகிறவர், கங்காணிமார், கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு அப்படியே வந்த பொம்பளைகள். கையில் மாலை, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. யாரும் சிரிக்கவில்லை. மரியாதை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வரவேற்புக்கு நான் சொல்லி வைத்திருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் மெதுவாக, இழுத்து இழுத்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வேகமாக, குஷியாக வாசிக்கக் கூடாதா என்று கேட்டேன். குழல் ஊதுகிறவர் வாயிலிருந்து குழலை எடுத்தார்.

"ஒனக்கு மனசாச்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஊதினார்.

அப்போதுதான் றொசல்லயிலிருந்து வந்த ரயிலில் இறங்கியிருந்த ஒரு கூட்டம் பிளாட்பாரத்தின் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. நடுவில் மாஸ்டரின் மனைவி. அவரைத் தாங்கிப் பிடித்தபடி திரேசா. முகம் வீங்கி, மூக்குச் சிவந்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் துக்கமும் இருந்தது, கொலைவெறியும் இருந்தது. எது எனக்கு, எது எதற்கு என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு ஏன் இப்படிக் குடும்பத்தோடு அழுகிறார்கள் என்று முதன்முதலாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதற்குள் திரேசாவின் அத்தை ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம் மாமன இப்பிடிக் கொண்டாந்து எறக்கப் போறாங்களே, ஒங்கிட்ட நல்லாச் சிரிச்சுப் பேசுன மனுசனாச்சே அவரு" என்று கதறினார்.

உன் மாமன் என்றாரா? என் சந்தேகம் பறந்தது. வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள், எனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில் என் பல் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். "பாவம், பையனுக்குத் தாங்க முடியல. புத்தி பெரண்டுருச்சு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து ரயில் வந்தது. ஒப்பாரி உயர்ந்தது. எல்லாரும் சாமான் பெட்டியின் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஓடினேன். விருந்தாளியை வரவேற்க ஏன் எல்லாரும் பார்சல் பெட்டிக்கு ஓடுகிறார்கள்?

சவரிமுத்து மாஸ்டர் கையில் வர்ணப் பெட்டியும் வாயில் சுருட்டுமாக இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. அடுத்த கணம் மாலை, மெழுகுவர்த்தி, பேண்டு, ஒப்பாரி எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட, சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கதான் நிக்கிறீங்க. அப்ப யாரு செத்தது?" என்று கேட்டார்.

பேண்டு பாதியில் நின்றது. ஊதுபத்தி பிடித்திருந்தவர் அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கடைசியில் ராமையா அண்ணன்தான் மடித்து வைத்திருந்த நோட்டீஸை நீட்டினார்.

மாஸ்டர் அதை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு, "கர போட்டது யாரு?" என்றார்.

அந்த ஸ்டேஷனில் இருந்த எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. அச்சகத்துக்காரர். தொப்பிகள். தேத்திக்கப்பா. வெள்ளைக் கொடி. மாஸ்டரின் மனைவி என்னிடம் வந்தார். கையிலிருந்த குடையால் முதுகிலே போட்டார். நான் நகரவில்லை. அந்த அம்மா வழியெல்லாம் அழுது தொண்டை கட்டியிருந்தார். ஒரு காகிதத்தை அழகாக்கப் போய் இவர்களை இப்படி அழவைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் நாலு அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலையப் பார்த்தது. மாஸ்டர்தான் கையை உயர்த்தினார். "நில்லுங்க. எனக்காக வந்துட்டு எங்க போறீங்க? மண்டபத்துக்கு வாங்க."

சாவு வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே, செத்தவருக்குக் கொண்டுவந்த மாலைகளைப் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். யார் முதலில் பேசுவது என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டோம். "இரங்கல் சொல்ல ஆயத்தமாத்தான வந்தீங்க? அதையே சொல்லுங்க, கேக்குறேன்" என்றார் மாஸ்டர்.

முதலில் ராமையா அண்ணன் எழுந்து, "அன்னார்" என்று தொடங்கி, அன்னாரின் முகத்தைப் பார்த்து நிறுத்தி, மறுபடி தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு அம்மா, அவர் ஆற்றுச் சீனைத் தொங்கவிட்ட ராத்திரி முன்வரிசைப் பொம்பளைகள் எல்லாம் சேலை நனைந்துவிடும் என்று காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னார். ராசா வேஷக்காரர், "தோட்டத்து லயத்துல ஒரே காம்பராவுல ஒம்பது பேரு படுத்துக் கெடந்தவன் நான். இவரு வரைஞ்ச அரமனைக்கு முன்னால நின்னப்பதான் என் முதுகு நிமிந்துச்சு" என்றார். உயிரோடு இருக்கும்போது அவரிடம் யாரும் இதையெல்லாம் சொன்னதில்லை. மாஸ்டர் தோளிலிருந்த மாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் குணபால கேக்கைக் கொண்டுவந்து வைத்தான். முழு வெள்ளை. நான் கேட்ட பூ ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு சிலுவை மட்டும், அதைச் சுற்றி அளவெடுத்த கறுப்புக் கரை. நோட்டீஸைப் பார்த்து அப்படியே செய்தேன் என்றான். மாஸ்டர் சிலுவை இருந்த துண்டை வெட்டித் தானே சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்து என்னைக் கூப்பிட்டார். "நெறஞ்ச கூட்டம்னா பேசுவோம்னேன். நெறஞ்சிருச்சு. பொண்ணத் தர்றேன். ஆனா ஒண்ணு, கல்யாணக் காகிதத்த வேற யாராவது அடிக்கட்டும்."

பின்னொரு நாள் திரேசாவிடம், உனக்குமா சந்தேகம் வரவில்லை என்று கேட்டேன். "வந்துச்சு. கூட்டத்து நோட்டீசா இருக்கும்னு அம்மாட்ட சொன்னேன். கூட்டத்துக்கு எவன்டி கறுப்புக் கர போடுவான்னு கேட்டாங்க. அப்பிடிப் போடக்கூடிய ஒருத்தரு இருக்காருன்னு எப்பிடிச் சொல்றது? பாதி வழி அழுதேன், மீதி வழி ஒங்கள வைஞ்சேன்" என்றாள். பாண் சுற்றிய அந்தப் பக்கத்தை வாசித்துச் சொன்னதும் அவள்தான்.

மாமனார் அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்கு நான் கோடு போட்டால்கூட, "பாத்துப் போடு, யாராச்சும் அழுதுறப் போறாங்க" என்பார். தன் சாவுக்குக் கறுப்புக் கரை கூடாது, அது ஒருமுறை போட்டாயிற்று என்று கறாராகச் சொல்லியும் வைத்திருந்தார். அவர் உண்மையிலேயே கண்ணை மூடியபோது, அழுதுகொண்டே அவர் கூடு சோடிக்கிற காகிதப் பூக்களைப் போலச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கரை வரைந்து அடித்து ஒட்டினேன்.

சாவு வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பயந்துபோய்ப் பட்டணத்துக்கு ஓடினேன். நோட்டீஸுக்கு முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்த ராமையா அண்ணன் சிரித்தபடி என்னைத் தட்டிக்கொடுத்தார். "இந்தத் தடவ சரியாப் போட்டுட்ட தம்பி. மாஸ்டருக்கு மறுபடியும் பொன்னாடயா? எத்தன மணிக்குக் கூட்டம்?"

அவரை நம்பவைக்க நான் அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டியிருந்தது. செய்தி பரவி ஆட்கள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அதில் பாதிப் பேர் விழாவுக்கென்று உடுத்தியிருந்த பட்டுச் சேலையிலேயே வந்திருந்தார்கள். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த திரேசா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கப்பா ரெண்டு தடவ செத்தாரு" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். "ரெண்டு தடவையும் இவருதான் கர போட்டாரு. ரெண்டு தடவையும் மாத்திப் போட்டாரு."